தனி வீடு

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. அடுத்த ஆண்டு நானும் பெற்றோரைப் பிரிந்து, ஆசிரியப் பணிக்காகக் கல்வராயன்மலையின் வெள்ளிமலையில் வீடு எடுத்தேன். "மாவட்டமே தனிக்குடித்தனம் போய்விட்டது, நீயும் போய் வா" என்று அத்தா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

தனிமை எனக்கு இனித்தது, மறைப்பதற்கில்லை. தினமும் பேசியது வாரம் ஒருமுறையாகச் சுருங்கிற்று. ஒருநாள் ஃபஜ்ருக்குப் பின் பனீ இஸ்ராயீல் அத்தியாயம் ஓதினேன். பெற்றோரின் முதுமையைக் கூறும் 23ஆம் வசனத்தில், 'உம்மிடத்தில்' என்னும் சொல்லைத் தாண்ட இயலவில்லை. அவர்களுடைய முதுமை என்னிடத்திலா கழிகிறது?

அன்றுமுதல் வெள்ளிதோறும் மாலையில் மலையிறங்குகிறேன். அம்மாவின் மருந்துகளை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அடுத்த வசனம் கற்றுத்தரும் துஆவை, இப்போது அவர்கள் அருகில் அமர்ந்தே கேட்கிறேன், அல்ஹம்துலில்லாஹ்.