பருப்புக் கணக்கும் பத்து ரூபாய் வில்லையும்

பால் வராத நாளைக் காலண்டரில் சுழித்து வைக்காத வீடு நம்மில் உண்டா? சலவைக்குத் துணியை எண்ணிப் போட்டு எண்ணி வாங்குகிறோம். கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பத்து நிமிஷம் மல்லுக்கு நிற்கிறோம். ஆனால் சர்க்கார் பணம் என்று பேச்சு வந்தால் மட்டும், "அதெல்லாம் பெரிய இடத்து விஷயம்" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து விடுகிறோம். அது யார் பணம்? சோப்பு வாங்கினாலும் பற்பசை வாங்கினாலும் விலையோடு சேர்த்து நாம் கட்டுகிற வரிதானே!

நான் சொல்லப் போவது கோடிக்கணக்கு இல்லை. ஒரு கிலோ துவரம் பருப்புக் கணக்கு.

நம் ரேஷன் கடைகளில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். மீதி விலையைச் சர்க்கார் போடுகிறது. 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு, நாம் என்ன வாங்கினோம் என்று செல்போனுக்கே செய்தி வந்து விடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் செய்தியைப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்?

இரண்டு வருஷத்துக்கு முன், ஓர் ஆவணி மாதம். கடையில் அரிசியும் சர்க்கரையும் மட்டும் வாங்கி வந்தேன். "பருப்பு, எண்ணெய் வரலைம்மா, அடுத்த வாரம் பாருங்க" என்றார் கடைக்காரர். பில் கேட்டேன், "ரோல் தீர்ந்து போச்சும்மா" என்றார். வீட்டுக்கு வந்து பையை இறக்கினால், செல்போனில் செய்தி வந்திருக்கிறது. அரிசி, சர்க்கரை, பருப்பு 1 கிலோ, பாமாயில் 1 லிட்டர் வாங்கினேனாம்!

இதில் இருக்கிற சாமர்த்தியத்தைப் பாருங்கள். நான் கார்டை நீட்டியபோதே நாலு சாமானுக்கும் பில் போட்டாயிற்று. என் பெயரில் விழுந்த 30 ரூபாயைக் கடைக்காரரே கல்லாவில் போட்டுவிட்டு, பருப்பை வெளியே நூறு ரூபாய்க்கு மேல் தள்ளிவிடலாம். கணக்கில் ஒரு பைசா குறையாது. மேலிருந்து யார் வந்து புரட்டிப் பார்த்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும். சரியில்லை என்பது தெரிந்த ஒரே ஆள், பருப்பு கிடைக்காமல் திரும்பிய நாம்தான்.

கிலோவுக்கு 70 ரூபாய் லாபம் என்று குறைத்தே வையுங்கள். ஒரு கடையில் நூறு கார்டில் இப்படி நடந்தால் மாதம் 7,000 ரூபாய். வருஷத்துக்கு 84,000! ஒரே கடையில், பருப்பில் மட்டும்.

எனக்கு அந்த ஒரு கிலோ பெரிதில்லை. அண்ணாச்சி கடையில் வாங்கிக் கொள்வேன். ஆனால் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னபோது, "எனக்கும் மூணு மாசமா பருப்பு இல்லேன்னுதான்க்கா சொல்றாங்க. வெளியில வாங்கிக் கட்டுப்படியாகலை. புள்ளைக்கு ரசஞ்சோறுதான் ஊட்டுறேன்" என்றாள். அவள் குழந்தைக்கு அப்போது பத்து மாதம். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலோடு பருப்பும் சாதமும் குழைத்து, ஒரு சொட்டு எண்ணெயோ நெய்யோ விட்டு ஊட்டச் சொல்கிறோமே, சதை பிடிப்பது அந்தப் பருப்பினால்தானே! வெறும் ரசஞ்சோற்றில் வயிறு நிறையும், உடம்பு தேறாது. அவள் புருஷனின் செல்போனை வாங்கிப் பார்த்தேன். மூன்று மாதமும் பருப்பு வாங்கியதாகச் செய்தி இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"நமக்கு எதுக்கு வம்பு? நாளைக்கு அந்தக் கடையிலேதானே நிக்கணும்?" என்றார் எங்க வீட்டுக்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்கே உள்ளுக்குள் உதறல்தான்.

அப்போது நினைவுக்கு வந்தவர்கள் ராஜஸ்தானத்துக் கிராமத்துப் பெண்கள். 1990-ல் அங்கே தேவ்டுங்ரி பக்கத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்று ஓர் அமைப்பு தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் அருணா ராய். நம் சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். வேலையை உதறியவர். சாலை, கட்டிடம் என்று சர்க்கார் வேலைக்குப் போன பெண்களுக்குக் கூலி குறைத்துக் கொடுத்து வந்தார்கள். கேட்டால், "ஏட்டில் இவ்வளவுதான் இருக்கிறது" என்ற பதில். சரி, அந்த ஏட்டைக் காட்டுங்கள் என்றார்கள் பெண்கள். 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணை நடந்தது. ஊரைக் கூட்டி ஏட்டை உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். வேலைக்கே வராதவர்கள் பெயரிலெல்லாம் கூலி எழுதியிருந்தது! 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். அந்த இயக்கத்துப் பெண் ஒருத்தியிடம், "படிக்காத உனக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?" என்று டில்லியில் கேட்டார்களாம். "என் பையனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். என் பெயரில் சர்க்கார் கோடி கோடியாகச் செலவழிக்கிறதே, அதற்குக் கேட்க வேண்டாமா?" என்ற பொருளில் பதில் சொன்னாளாம். இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்!

அந்தப் போராட்டங்களின் பலனாகத்தான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதலாம். வக்கீல் வேண்டாம். எதற்காகக் கேட்கிறோம் என்று காரணமும் சொல்ல வேண்டாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே அலுவலகத்தின் மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம்.

நானும் எதிர் வீட்டு அக்காவும் உட்கார்ந்து எழுதினோம். "கடையில் மோசடி நடக்கிறது" என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. கடையின் பெயர், எண் போட்டு, மூன்று மாதத்துக்குப் பருப்பும் பாமாயிலும் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, எவ்வளவு விற்றது, ஒவ்வொரு நாள் முடிவிலும் இருப்பு என்ன, இருப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டோம். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினோம். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினோம்.

நகல் வந்த மத்தியானம், சாப்பாட்டுக் கடை முடிந்த பிறகு ஐந்தாறு பேர் எங்கள் மாடியில் கூடினோம். வரும்போது அவரவர் வீட்டுக் காலண்டரையும் செல்போனையும் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். பால் கணக்கு எழுதுகிற அதே காலண்டரில்தான் ரேஷனுக்குப் போன நாளையும் குறித்து வைப்போமே! எனக்குப் "பருப்பு வரலை" என்று சொன்ன அன்றைக்கு, பதிவேட்டில் பருப்பு மூட்டை மூட்டையாக இருப்பு இருந்தது. ஒவ்வொருத்தியாகத் தேதியைப் படிக்கப் படிக்க, ஏழு தேதிகள் இப்படி மாட்டின. அதுவரை வாயே திறக்காத மாடிவீட்டு மாமி, "அடப்பாவி, அன்னிக்கு மழையில நனைஞ்சுண்டு போனேனே!" என்றார்.

தேதிகளையும் செல்போன் செய்திகளையும் சேர்த்து ஆறு பேர் கையெழுத்துப் போட்டு, வட்ட வழங்கல் அலுவலகத்தில் நேரிலேயே மனு கொடுத்தோம். ஒருத்தி மட்டும் போனால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். ஆய்வுக்கு வந்தார்கள், மூட்டையை எடை போட்டார்கள், அபராதம் விதித்தார்கள். கடைக்காரர் மாற்றலாகிப் போனார்.

அவர் போகுமுன் என்னிடம் சொன்னதையும் எழுதிவிட வேண்டும். "கிடங்கிலேர்ந்து மூட்டையே எடை குறைஞ்சுதாம்மா வருது. அதை நான் எங்கே போய்ச் சரிக்கட்டுவேன்?" என்றார். அவர் செய்தது சரியாகி விடாது. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கடையோடு நின்றுவிட்டால் மேலே இருக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒவ்வொரு கடைக்கும் கண்காணிப்புக் குழு வேண்டும், அதில் பெண்களும் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. எங்கள் கடைக்கு அப்படி ஒரு குழு உண்டா என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அதற்கும் ஒரு பத்து ரூபாய் வில்லை ஒட்டி அனுப்பியிருக்கிறோம்.

இப்போது கடை வாசலில் இருப்புப் பலகை தினமும் எழுதப்படுகிறது. கேட்டால் பில் வருகிறது. வரவில்லையென்றால் 1967-க்குப் போன் போடத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பழைய மூன்று மாதப் பருப்பு மட்டும் கிடைக்கவே இல்லை. அந்தந்த மாதத்து ஒதுக்கீடு அந்தந்த மாதத்தோடு போயிற்றாம். அவள் தன் நம்பரையே கார்டில் பதிந்து கொண்டாள். செய்தி வந்ததும் முதலில் என்னிடம் காட்டுவாள். இப்போதெல்லாம் தானே எழுத்துக் கூட்டிப் படித்து விடுகிறாள்.

எதிர் வீட்டு அக்கா சும்மா இல்லை. தெருக்கோடிச் சாக்கடைக்கு மூடி போட எவ்வளவு செலவானது, மூடி எங்கே என்று கேட்டு அடுத்த மனு எழுதிக் கொண்டிருக்கிறார்.