விலையும் விளைபயனும்

காடும் மலையும் ஆறும் மனிதனுக்கு ஆசான்களாக இருந்த காலம் உண்டு. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ச் சிறுவர்களிடம் அவ்வாசான்கள் கட்டணம் கேட்டதில்லை. கருக்கலில் பெற்றோருடன் பால்மரக் காட்டுக்குச் சென்ற சிறுவன், நிரை தவறாமல் நடக்கவும், வானம் பார்த்து மழை அறியவும், நீரின் நிறம் கண்டு வெள்ளம் உணரவும் தானே கற்றான். பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தன. அன்று விலையின்றிக் கிடைத்த அறிவை இன்று வெள்ளி கொடுத்து வாங்க வேண்டியுள்ளது. வாங்குவது எதுவாயினும் எடை பார்த்து வாங்குதல் அறிவுடைமை.

காம்பாரை அடுத்த கோப்பேங் வட்டாரத்தில், காம்பார் ஆற்றில் மிதவைப் படகுப் பயணம் நடைபெறுகிறது. வழிகாட்டி திசை காட்டுவார். மாணவன் அவர் சொன்னபடி துடுப்பிடுவான். அம்மகிழ்ச்சி மெய்யானதே, அதற்குரிய விலையைக் கொடுப்பதிலும் குற்றமில்லை. ஆயினும் அது களிப்புலா. களிப்புலாவைப் பயிற்சி என்னும் பெயரில் வாங்குவதே நட்டம்.

அவ்வாறாயின் பயிற்சி என்பது யாது? இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் நிறுவனத்தவரான லாரன்ஸ் ஹோல்ட்டும் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளியைத் தொடங்கினர். கப்பல்கள் மூழ்கியபோது, உயிர்காப்புப் படகுகளில் முதியோரினும் இளையோரே விரைந்து மடிகின்றனர் என்று ஹோல்ட் கருதினார். வலிமை இருந்தும் பட்டறிவு இல்லாமையே காரணம் என்பது அவர் முடிவு. அப்பள்ளியின் வழியில் 1954இல் பேராக்கின் லூமுட்டிலும் ஒரு பள்ளி தோன்றியது. ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் கைகொடுக்கும் திறனே பயிற்சியின் பயன் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

ஒரு முகாமுக்கு 100 வெள்ளி, மற்றொன்றுக்கு 300 வெள்ளி எனக் கொள்வோம். முன்னதில் 40 மாணவர்க்கு ஒரு பயிற்றுநர். பின்னதில் 10 பேருக்கு ஒருவர். இரண்டிலும் முடிச்சுப் பயிற்சிக்கு 3 மணி நேரம். பயிற்றுநரின் கவனத்தைப் பங்கிட்டால், முன்னதில் ஒருவனுக்கு நாலரை நிமிடம். பின்னதில் 18 நிமிடம். விலை மும்மடங்கு, கவனமோ நான்மடங்கு! எனினும், விலை மிகுந்ததெல்லாம் சிறந்தது என எண்ணுதலும் பிழை. பனியனும் சான்றிதழும் சொகுசு விடுதியும் கட்டணத்தை உயர்த்தும், திறனை உயர்த்தா.

ஆதலின், பணம் கட்டுமுன் சில வினாக்கள் வேண்டும். பயிற்றுநர் முதலுதவி கற்றவரா? காப்புறுதி உண்டா? முகாம் முடிந்தபின் மாணவன் தனித்துச் செய்யக்கூடியவை எவை? ஆற்றை விட்டு வெளியேறும் முடிவை யார் எடுப்பார்? கரையில் வெயில் காயும்போதே, மலையில் பெய்த மழை திடீர்ப் பெருக்காக இறங்கும். மலாய் மொழியில் இதனைக் ‘கெப்பாலா ஆயிர்’ என்பர். நீர் கலங்குவதைக் கண்டவுடன் தோழர்களையும் அழைத்துக்கொண்டு கரையேறக் கற்ற மாணவனுக்குச் செலவிட்ட வெள்ளி வீணாகவில்லை.

செலவையும் வரவையும் மட்டுமன்றி, பின்னர்த் தொடர்ந்து வரும் ஊதியத்தையும் ஆராயுமாறு ‘தெரிந்துசெயல்வகை’யில் வள்ளுவர் அறிவுறுத்துகிறார். முகாம் முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம், “மகிழ்ச்சியாக இருந்ததா?” என்று கேட்பதோடு பெற்றோர் நின்றுவிடலாகாது. “எங்கே தம்பி, ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டு” என்றும் கேட்கட்டும். கொடுத்த விலைக்குப் பயன் கிட்டியதா என்பதை அவன் கைகளே சொல்லும்.