ஊருக்குக் கேக்குது, எனக்குக் கேக்கேல்லை

 

கொஞ்சம் நீளமான பதிவு. வாகனத்துக்கு சப் வூபர் பூட்டியிருக்கிற இளந்தாரிகளும், அந்தச் சத்தத்தில் நித்திரை குழம்புகிற பெரியவர்களும், இரண்டு பகுதியாரும் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறோம். நாங்கள் என்றால் பாடசாலையில் ஒருவர் விஞ்ஞானமும் ஒருவர் தொழினுட்பமும் படிப்பிக்கிற இரண்டு ஆசிரியர்கள். இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே எங்களைத் தெரியும்.

எங்களிடம் படித்த பிள்ளை ஒருவர். சாதாரண தரத்தோடு நின்று தகப்பனோடு தோட்டம் செய்கிறார். லீசிங்கில் எடுத்த பழைய டபுள் கப் பிக்கப் ஒன்று இருக்கிறது. வெங்காயம், கீரை, கத்தரிக்காய் எல்லாம் விடியப்புறம் திருநெல்வேலிச் சந்தைக்கு அதில்தான் போகும். தம்பி அதன் பின் தட்டில், படங்குக்குக் கீழே, இரண்டு 12 அங்குல சப் வூபர் போட்ட பெரிய பெட்டி ஒன்றைப் பூட்டி வைத்திருந்தார்.

ஒரு நாள் பின்னேரம் வந்து கேட்டார். "சேர், சந்தியில நிக்கிற ஆக்கள் நெஞ்சு அதிருது எண்டு சொல்லுகினம். உள்ளுக்க இருக்கிற எனக்கு ஒண்டும் இல்லை. ஊருக்குக் கேக்குது, எனக்குக் கேக்கேல்லை. இன்னொரு அம்ப் போட்டால் சரிவருமோ?" அம்ப் வாங்க ஒரு லட்சத்துக்கு மேல் சேர்த்தும் வைத்திருந்தார்.

அடுத்த நாள் தகப்பன் வந்தார். அந்த மாதத்தில் மூன்றாவது தடவை விடிய நாலு மணிக்கு வாகனம் ஸ்ரார்ட் வரவில்லை. பக்கத்து வளவு லாண்ட்மாஸ்டரைக் கெஞ்சிப் பிடித்து, சாமானைக் கொண்டு போய்ச் சேர்க்கும்போது நல்ல விலை போய்விட்டது. "சேர், அந்தப் பெட்டி இருக்கும் மட்டும் என்ரை மரக்கறி நேரத்துக்குச் சந்தைக்குப் போகாது. கழட்டி எறியச் சொல்லுங்கோ. நான் சொன்னால் வீட்டில சண்டைதான்."

மகனுக்குக் கூட வேண்டும், தகப்பனுக்கு இருக்கவே கூடாது. சனிக்கிழமை வாகனத்தைக் கொண்டு வரச் சொன்னோம்.

முதலில் பற்றறி. வாகனத்தை நிற்பாட்டித் திறப்பை எடுத்த பிறகும் அம்பின் சின்ன வெளிச்சம் எரிந்துகொண்டே இருந்தது. அம்பை எழுப்புவதற்கென்று மெல்லிய வயர் ஒன்று வரும். அது செற்றில் இருந்து வர வேண்டும். செற் நின்றால் அம்பும் நிற்கும். இங்கே பூட்டியவர் அதைப் பற்றறி லைனோடேயே முறுக்கி விட்டிருந்தார். அம்ப் இரவு முழுக்க விழித்திருக்கிறது. பாட்டு இல்லாவிட்டாலும் ஒரு அம்பியர் அளவு குடிக்கும். பத்து மணித்தியாலத்துக்குப் பத்து அம்பியர் மணி. ஏற்கெனவே வயசு போன பற்றறி, டீசல் எஞ்சினை விடியக் குளிரில் சுற்ற வேண்டும். எப்படிச் சுற்றும்? அந்த ஒரு வயரை மாற்ற ஐந்து நிமிடம் போகவில்லை. தகப்பனின் பிரச்சினை முக்கால்வாசி அதோடு முடிந்தது.

மின்சாரத்தின் பெறுமதி இந்த ஊர்ப் பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளில் பற்றறியும் இல்லாமல் கரண்டும் இல்லாமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி றேடியோ கேட்டவர்கள். நாங்கள் அப்போது புத்தளத்தில் இருந்தோம். இந்தக் கதைகளைத் திரும்பி வந்த பிறகு இங்குள்ளவர்கள் சொல்லித்தான் அறிந்தோம்.

இனிக் கணக்கு. 500 வாட்ஸ் தருகிற அம்ப், பாட்டின் உச்சத்தில் பற்றறியிடம் 45 அம்பியர் அளவு கேட்கும். பழைய பிக்கப்புகளின் ஒல்ரனேற்றர் பெரும்பாலும் 60, 70 அம்பியர்தான் தரும். ஹெட்லைற் இரண்டுக்கும் பத்து அம்பியர் அளவு போகும். இதற்கு மேல் இன்னொரு அம்ப் போட்டால் அது எங்கேயிருந்து எடுக்கும்? இன்னொன்று: வலுவை இரட்டித்தால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். காதுக்கு "கொஞ்சம் கூடின மாதிரி" இருக்கும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கு என்று காது சொல்ல 10 டெசிபெல் அளவு வேண்டும், அதற்கு வலு பத்து மடங்கு. ஒரு லட்சத்துக்கு 3 டெசிபெல் வாங்குவது நல்ல வியாபாரம் இல்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் 1500 வாட்ஸ் என்று அடித்திருப்பதையும் நம்ப வேண்டாம். சின்ன எழுத்தில் ஆர்.எம்.எஸ். என்று ஒரு இலக்கம் இருக்கும், அதுதான் உண்மை.

இப்போது பெரிய கேள்வி. ஏன் உள்ளே கேட்கவில்லை?

காருக்கு டிக்கி இருக்கிறது. டிக்கியில் வைக்கிற பெட்டியின் காற்று பின் சீற்றைத் தாண்டி உள்ளே வரும். பிக்கப்பில் அப்படி இல்லை. தட்டு வேறு, கபின் வேறு. நடுவில் தகடும் கண்ணாடியும். தட்டில் வைத்த பெட்டி வெட்டவெளியில் வைத்த பெட்டிதான். 40 ஹேர்ட்ஸ் மீடிறனில் ஒலியின் அலைநீளம் எட்டரை மீற்றருக்கு மேல். வேலி, மதில் என்று பார்க்காமல் சுற்றி வளைத்துக்கொண்டு போகும்; அதனால்தான் நாலு வீடு தள்ளி யன்னல் கண்ணாடி கிணுகிணுக்கிறது.

மூடின கபினுக்குள் கதையே வேறு. அலைநீளத்தின் பாதி கபினின் நீளத்தை விடப் பெரிதாகிவிட்டால், அதற்குக் கீழே ஒலி அலையாக ஓட இடமில்லை. முழுக் கபினின் காற்றும் ஒன்றாக அமுங்கி விரியும். சைக்கிள் பம்பின் வாயைப் பொத்திக்கொண்டு அமத்திப் பாருங்கள், கைக்கு விளங்கும். இரண்டரை மீற்றர் கபின் என்றால் கிட்டத்தட்ட 70 ஹேர்ட்ஸுக்குக் கீழே இந்த வேலை தொடங்கும். மீடிறன் குறையக் குறைய வாகனமே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். வெளியில் பெரிய பெட்டி செய்ய வேண்டியதை உள்ளே சின்னப் பெட்டி செய்துவிடும், அதுவும் காசில்லாமல்.

ஆகவே தட்டில் இருந்ததைக் கழற்றினோம். தம்பியின் முகம் கறுத்துவிட்டது. இரண்டு பன்னிரண்டையும் பெட்டியோடு விற்க வைத்து, ஆழம் குறைந்த 10 அங்குலம் ஒன்று வாங்கினோம், 250 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். பின் சீற்றுக்கு அடியில் ஜக் வைக்கிற இடத்தை அளந்து, தச்சுப் பட்டறையில் 18 மில்லிமீற்றர் பலகையில், உள்ளே 15 லீற்றர் அளவு வருகிற, துளை இல்லாத மூடின பெட்டி அடித்தோம். துளை வைத்த பெட்டி கூடச் சத்தம் தரும்தான், ஆனால் அதே வூபருக்கு இரண்டு மூன்று மடங்கு இடம் கேட்கும். டபுள் கப்பில் அந்த இடம் இல்லை. மூடின பெட்டியின் சத்தம் கீழே போகப் போக மெல்லக் குறையும். கபின் மெல்லக் கூட்டும். ஒன்றை ஒன்று நிரப்பும். மூட்டுகளுக்குப் பசை, உள்ளே சிலிக்கன். காற்று ஒரு இடத்திலும் கசியக் கூடாது. வூபர் நிலத்தைப் பார்க்க, இடையில் நாலு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டோம். ஜக் இப்போது தட்டில் ஒரு தகரப் பெட்டிக்குள்.

வயர்தான் எங்களுக்குக் கோபம் வந்த இடம். எஞ்சின் ஓடும்போது பற்றறியில் 14.1 வோல்ற். பாட்டுப் போட்டு அம்பின் முனையில் அளந்தால் 11.6. இரண்டரை வோல்ற் வழியில் காணாமல் போயிருந்தது. மொத்தமாகத் தெரிந்த சிவப்பு வயரை வெட்டிப் பார்த்தால் இறப்பர்தான் மொத்தம், உள்ளே செப்புப் பூசின அலுமினியம் கொஞ்சம். எர்த் வயரைப் பெயின்ற் அடித்த தகட்டின் மேலேயே ஆணி வைத்து இறுக்கியிருந்தார்கள். பியூஸ் இல்லை. இதைப் பெற்றோரும் கவனிக்க வேண்டும்: பற்றறியில் இருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இல்லாமல் ஒரு வயர் பின்னுக்குப் போனால், அந்த வயர் எங்காவது தகட்டில் உரசித் தோல் போகிற நாளில் வாகனம் எரியும். 25 சதுர மில்லிமீற்றர் சுத்தச் செப்பு வயர் போட்டு, பியூஸ் வைத்து, பெயின்றைச் சுரண்டி வெள்ளைத் தகட்டில் எர்த் இறுக்கினோம். பிறகு அளந்தால் 13.5. அம்ப் அதேதான், மாற்றவில்லை.

கடைசியில் செற்றிங். கெயின் என்று எழுதியிருக்கிற திருகு சத்தம் கூட்டுகிற திருகு இல்லை. அம்புக்கும் செற்றுக்கும் அளவு பொருத்துகிறது. பேஸ் பூஸ்ற்றை முழுக்கக் குறைத்து, செற்றின் சத்தத்தை முக்காலுக்கு வைத்து, கெயினைக் கரகரப்பு வரும் மட்டும் மெல்லத் திருப்பி, வந்தவுடன் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள். சப்புக்கு 80 ஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டு, கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. இந்தக் கடைசிச் சொல் முக்கியம். கதவில் இருக்கிற ஆறு அங்குலம் பேஸ் அடிக்கப் பாடுபட்டால் குரலும் கெட்டுப்போகும்.

அவத்தை என்று உயர்தரத்தில் படிப்பிக்கிறோமே, பிள்ளைகள் எதற்கு என்று கேட்பார்களே, இதற்குத்தான். சப்பும் கதவு ஸ்பீக்கரும் எதிர் எதிராக அசைந்தால் ஒன்று தள்ளுகிற காற்றை மற்றது இழுக்கும். அம்பில் 0, 180 என்று ஒரு சுவிச் இருக்கும். சாரதி சீற்றில் இருந்துகொண்டு ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள், எதில் பேஸ் நிரம்புதோ அதுதான் சரி. வூபரின் கூட்டல் முனை எது என்று சந்தேகம் என்றால் ஒன்றரை வோல்ற் பற்றறி ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பற்றறியின் கூட்டல் தொட்டது கூட்டல்.

கைதடி வீதியில், இரண்டு பக்கமும் வெளியும் தண்ணீரும் வருகிற இடத்தில் ஓடிப் பார்த்தோம். முதல் பாட்டுக்கே இலக்கத் தகடு, சீற் பெல்ற் கொழுக்கி, கபின் கூரை, எல்லாம் தாளம் போடத் தொடங்கிவிட்டன. இறப்பர்த் துண்டும் தார் ஷீற்றும் வைத்து ஒவ்வொன்றாக வாயை மூடினோம். அதற்குப் பிறகு தம்பி கதைக்கவில்லை. சத்தத்தைத் தானாகவே குறைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒருவர் இறங்கி வெளியில் நின்று பார்த்தோம்: முந்தி முழு ஊருக்கும் கேட்டது இப்போது பத்து யார் தள்ளி மெல்லிய முனகல்.

பின்னேரம் தகப்பன் ஏறி இருந்து, "தெட்சணாமூர்த்தியின்ரை தவில் இருந்தால் போடு" என்றார். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975 இல் காலமானவர். அந்தக் காலப் பதிவுகளில் ஆழமான பேஸ் அவ்வளவாக இல்லை. பதிவில் இல்லாததை எந்தச் சப்பும் உண்டாக்காது. பூஸ்ற்றைத் திருப்பினால் வருவது தவில் இல்லை, வெறும் தகர அதிர்வு. ஆனால் இருந்த அளவுக்குத் தொப்பிப் பக்கத்து அடி தனியாக, வலந்தலையோடு கலக்காமல் கேட்டது. அவர் இரண்டு தரம் போடச் சொன்னார். கழட்டி எறிகிற கதை அதற்குப் பிறகு வரவில்லை.

பெரியவர்களுக்கும் சட்டம் கேட்பவர்களுக்கும் ஒன்று. 2007 இல் உயர் நீதிமன்றம், இரவு பத்து மணி தொடக்கம் விடிய ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அது வெலிகமைப் பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி தொடர்பாகப் போன வழக்கு. பாங்குக்கே நேரம் பார்க்கச் சொன்ன நாட்டில், சந்தியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நடுச்சாமத்தில் அடிப்பதற்கு என்ன நியாயம் சொல்லலாம் என்று பிள்ளைகளே யோசியுங்கள்.

காது பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணித்தியாலம்தான். சத்தம் குறைவாக இருக்கும்போது எங்கள் காதுக்குப் பேஸ் இன்னும் குறைவாகக் கேட்கும், அது காதின் இயல்பு. பேஸ் காணாது என்று முழுச் சத்தத்தையும் கூட்டுகிறவர்கள் குரல், ஜால்ரா எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டி, அதனாலேயே காதைக் கெடுக்கிறார்கள். வகுப்பில் பின் வாங்கில் இருந்து "என்ன சேர்?" என்று இரண்டு தரம் கேட்கிற பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். சப்பைக் கொஞ்சம் கூட்டி, மற்றதைக் குறைத்து வையுங்கள்.

அம்புக்குச் சேர்த்த காசில் புதுப் பற்றறி, வயர், பியூஸ், பெட்டி எல்லாம் முடிந்தது. விற்ற காசில் வூபர். மிச்சம் லீசிங்குக்குப் போனது.

வயர் எங்கே வோல்ற் விடுகிறது என்று பார்க்க மல்டி மீற்றர் இல்லாத பிள்ளைகள், சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பிறகு வாகனத்தைக் கொண்டு வரலாம். கபினின் பின் சீற்று அகலமும் அதற்கு அடியில் உள்ள உயரமும் அளந்துகொண்டு வாருங்கள். தட்டில் பெட்டி பூட்டி வருகிறவர்கள் சாவிக் கட்டும் கூட்டாளி ஒருவரும் சேர்த்துக் கூட்டி வாருங்கள், இறக்குவதற்கு ஆள் தேவைப்படும்.