மணி அடிப்பதற்கு முன்

டோக்கியோவின் தொயோசு மீன் சந்தைக்கு விடியற்காலையில் வருகிற வெளியூர்க்காரர்களில் பலர் சூரை மீன் ஏலத்துக்காகத்தான் வருகிறார்கள். ஐந்தரை மணி வாக்கில் மணி அடித்து ஏலம் தொடங்கும். அரை மணி நேரம் முன்பே மேல்தளக் கண்ணாடி அருகே போய் நின்றது நல்லதாகப் போயிற்று.

கீழே பச்சைத் தரை. சதையின் சிவப்பு எடுப்பாகத் தெரியத்தான் அந்த நிறம். அதன்மேல் வரிசை வரிசையாகச் சூரைகள். உறைந்தவற்றின் உடம்பெல்லாம் வெண்பனி. ஒவ்வொன்றுக்கும் வால் பக்கம் வெட்டி, உட்சதை தெரிய வைத்திருக்கிறார்கள். ரப்பர் பூட்ஸும் தொப்பியும் போட்டவர்கள் டார்ச்சும் மரப்பிடிக் கொக்கியுமாக மீன்களுக்கு நடுவே நடக்கிறார்கள். இவர்கள் 'நகாஒரோஷி' எனப்படும் இடைநிலை வியாபாரிகள். ஏலத்தில் எடுத்து, வெட்டி, சுஷி கடைகளுக்கும் மீன் கடைகளுக்கும் விற்பவர்கள்.

ஒரு பெரியவரை விட்டு என் கண் நகரவில்லை. குனிந்து வால் வெட்டில் டார்ச் அடித்தார். சதையில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தார். விரல் சூட்டில் அது இளகும்போது கொழுப்பு எவ்வளவு என்று கைக்குத் தெரிந்துவிடும். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பக்கத்திலேயே போட்டியாளர்கள் நிற்கிறார்களே! குறிப்பேட்டில் ஏதோ கிறுக்கிவிட்டு அடுத்த மீனுக்குப் போனார். வயிற்றுப் பக்கக் கொழுப்புச் சதையான 'தோரோ'வுக்குத்தான் நல்ல விலை. அது எப்படியிருக்கும் என்பதை இந்த வால் வெட்டை வைத்தே பெரும்பாலும் கணிக்க வேண்டும். கணிப்பு தப்பினால் கையைக் கடிக்கும்.

மணி அடித்ததும் ஏலக்காரர் உடம்பைக் குலுக்கி, ராகம் போட்டு இழுக்கிறார். வாங்குபவர்கள் விரலால்தான் பேசுகிறார்கள். காட்டுவது ஓரிரு இலக்கம். அதற்குப் பின் எத்தனை பூஜ்யம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். சில நொடிகளில் மீன் கைமாறிவிடுகிறது. 2019 புத்தாண்டின் முதல் ஏலத்தில் 278 கிலோ சூரை ஒன்று 33.36 கோடி யென்னுக்குப் போனது உலகச் செய்தியானது. என்னைக் கேட்டால் அது விளம்பரச் செலவு. அன்றாட வியாபாரத்தின் கணக்கே வேறு.

1935 முதல் ட்சுகிஜி பகுதியில் இருந்த சந்தை 2018 அக்டோபரில் இங்கே வந்தது. 2016 நவம்பரிலேயே வந்திருக்க வேண்டும். இங்கே பழைய எரிவாயு ஆலை இருந்த மண் மாசுபட்டிருந்ததால் பெரிய சர்ச்சையாகித் தள்ளிப்போனது. புதுக் கட்டடம் முழுக்க மூடி, குளிரூட்டப்பட்டது. மீனுக்கு நல்லது, வேலை செய்பவர்களுக்கும் வேடிக்கை பார்ப்பவர்கள் காலில் இடறாத நிம்மதி. நமக்குத்தான் நடுவில் கண்ணாடி.

கீழ்த்தளப் பார்வையாளர் மேடைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துக் குலுக்கலில் தேர்வாக வேண்டும். அதுவும் ஏலம் தொடங்கிய பிறகு சில நிமிடங்களுக்குத்தான். இடம் கிடைக்காவிட்டால் வருத்தப்படாதீர்கள். மேல்தளம் ஐந்து மணிக்கே திறந்துவிடும், விண்ணப்பம் வேண்டாம். ஞாயிறும் பல புதன்கிழமைகளும் விடுமுறை என்பதால் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.