காணிப்பாக்கமும் வண்ணத்துப்பூச்சியும்

சித்தூருக்கு அருகே, பாகுதா ஆற்றங்கரையில், காணிப்பாக்கம் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள விநாயகர் கோயிலுக்குத் தனிப்பெருமை ஒன்று உண்டு. வாங்கிய கடனை இல்லை என்பவனையும், களவாடிவிட்டு மறுப்பவனையும் ஊரார் அங்கே அழைத்துச் செல்வார்கள். திருக்குளத்தில் முழுகி, ஈர ஆடையோடு பிள்ளையார் முன் நின்று அவன் சத்தியம் செய்ய வேண்டும். குளத்தைக் கண்டதுமே உண்மையைச் சொல்லிவிட்டவர்கள் பலர் என்பார்கள்.

அந்த ஊரின் பக்கத்திலேயே நான் ஒரு பொய் சொன்னேன். தெரிந்து சொன்ன பொய் அன்று. ஆயினும் விஞ்ஞானம் கற்கும் மாணவன், தான் சோதித்து அறியாததை அறிந்ததுபோல் சொன்னால் அதுவும் பொய்தானே!

என் தாய்மாமனுக்கு அங்கே குன்றின் அடிவாரத்தில் சிறிய மாந்தோப்பு இருக்கிறது. மரங்கள் பெரும்பாலும் நாம் கிளிமூக்கு என்று சொல்லும் தோத்தாப்புரி. சாறு பிழியும் ஆலைகளுக்குப் போகும் காய் அது. தோப்பின் வரப்பு முழுவதும் எருக்கும், கிலுகிலுப்பையும், கொடிப்பாலையும் மண்டிக் கிடக்கும். சென்ற ஆண்டு விடுமுறைக்குப் போனபோது மாமா ஆள் வைத்து அவற்றை வெட்டப் புறப்பட்டார். நான் தடுத்தேன்.

“வேண்டாம் மாமா. வண்ணத்துப்பூச்சிகள் இந்தச் செடிகளில்தான் வளர்கின்றன. அவைதாம் உங்கள் மாம்பூவில் மகரந்தச் சேர்க்கை செய்கின்றன. அவை போனால் காயும் போகும்” என்று ஒரு சொற்பொழிவே செய்துவிட்டேன்.

மாமா எழுத்து அதிகம் அறியாதவர். படித்த மருமகன் சொல்கிறானே என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர்கள், “சீதாகோக சிலுகாவுக்குக் காடு வளர்க்கிறார்” என்று சிரித்தார்களாம். தெலுங்கில் வண்ணத்துப்பூச்சிக்கு அதுதான் பெயர். சீதையின் சேலை அணிந்த கிளி என்று பொருள் கொள்ளலாம். பெயர் என்னவோ அழகுதான். ஆனால் கேலி செய்யப்பட்டவர் என் மாமா.

இந்த ஆண்டு தை மாதம் மீண்டும் சென்றேன். மரமெல்லாம் பூத்திருந்தது. நான் சொன்னதை என் கண்ணாலேயே கண்டு மகிழலாம் என்று குறிப்பேடும் கையுமாகக் காலை முதல் உச்சிவரை ஒரு மரத்தடியில் அமர்ந்தேன். ஒரு நாள் அன்று, ஐந்து நாள் அமர்ந்தேன்.

நண்பர்களே, என் ஏமாற்றத்தை என்னென்று சொல்வேன்! மாம்பூவுக்கு வந்த வண்ணத்துப்பூச்சிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வந்தவையெல்லாம் ஈக்கள். வீட்டு ஈ, பச்சை நிறத்துப் பிண ஈ, குளவியைப்போல் வரியிட்டு அந்தரத்தில் நிற்கும் மலர் ஈ. இவற்றோடு சில தேனீக்கள்.

பிறகு நூல்களைப் புரட்டிப் பார்த்தேன். மாம்பூ மிகச் சிறியது, திறந்து கிடப்பது, அதன் தேன் மேற்பரப்பிலேயே இருக்கிறது. நக்கிக் குடிக்கும் ஈக்கு அது விருந்து. நீண்ட உறிஞ்சுகுழலைச் சுருட்டி வைத்திருக்கும் வண்ணத்துப்பூச்சிக்கோ வெட்சியைப்போலக் குழலாய் நீண்ட பூவே ஏற்றது. ஒரு மாம்பூங்கொத்தில் ஆயிரக்கணக்கான பூக்கள் இருக்கலாம். அவற்றுள் ஆண் பூக்கள் பல. இருபால் பூக்கள் மட்டுமே காய்க்கும். அவற்றுள்ளும் முற்றிக் கைக்கு வருவது ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றிரண்டுக்கும் நாம் ஈக்களுக்கே மிகுதியும் கடன்பட்டிருக்கிறோம். ஆஸ்திரேலியாவில் மாந்தோப்புக்காரர் சிலர் ஈக்களை வரவழைக்க அழுகிய மீனையும் இறைச்சியையும் தோப்பில் வைப்பதுண்டு. அதை மாமாவிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் என்ன? செடிகள் பிழைக்கும், பூச்சிகளும் பிழைக்கும், என் மானமும் பிழைக்கும். ஆனால் காணிப்பாக்கத்துக் குளம் கண்முன் வந்து நின்றது. காலையில் மாமாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. “அப்படியானால் வரப்பை வெட்டிவிடலாமா மாப்பிள்ளை?” என்றார்.

இப்போதுதான் நான் உண்மையில் யோசித்தேன். மாம்பூ இரண்டு மாதம் நிற்கும். மற்றப் பத்து மாதமும் அந்த ஈக்களும் தேனீக்களும் எங்கே தேன் குடிக்கும்? நண்பகலில் வரப்புப் பூக்களில் மலர் ஈக்கள் மொய்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். வண்ணத்துப்பூச்சிக்கு வீடான அதே வரப்புத்தான் ஈக்கு உணவுச்சாலை. பூத்த மரத்தின்மேல் தத்துப்பூச்சிக்காக அடிக்கும் மருந்து ஈ, தேனீ, வண்ணத்துப்பூச்சி மூன்றையும் ஒருங்கே கொல்கிறது. ஈ செத்தால் யார் கண்ணில் படும்? வண்ணத்துப்பூச்சி குறைந்தால் குழந்தைக்கும் தெரியும். ஆகவே அது தோட்டத்தின் வேலையாள் அன்று, தோட்டத்தின் சாட்சி. இங்கிலாந்தில் 1976 முதல் ஆண்டுதோறும் குறித்த பாதைகளில் நடந்து வண்ணத்துப்பூச்சிகளை எண்ணி வருவதும், அவை நாட்டின் நலத்தைக் காட்டும் சாட்சிகள் என்பதனால்தான்.

மற்றொன்றும் சொன்னேன். தோப்புக்கு மேலுள்ள குன்றுகளின் காட்டுச்செடிகள் சிலவற்றுக்கு வண்ணத்துப்பூச்சிகள் உண்மையாகவே மகரந்தம் சுமக்கின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நம் வரப்பில் கொடிப்பாலை தின்று வளரும் நீலவரி வண்ணத்துப்பூச்சியின் பேரினத்துக்கு 1880-இல் மூர் என்ற ஆங்கிலேயர் இட்ட பெயர் ‘திருமலா’! அதுவும் அதன் இனத்தவையும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னே மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டுக் கிழக்கே வருகின்றன. வடகிழக்குப் பருவமழை வேளையில் மீண்டும் மேற்கே செல்கின்றன. சேஷாசல மலைத்தொடர் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் காப்பகத்தின் எல்லைக்கல் வண்ணத்துப்பூச்சிக்குத் தெரியுமா? இரண்டு மலைகளுக்கு இடையே அது இறங்கி இளைப்பாறுவது என் மாமாவைப் போன்றவர்களின் வரப்பில்தான். கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் இல்லையேல் ஆண் பூச்சிகள் பெண்ணைக் கவரும் மணத்துக்கு வேண்டிய சாறும் கிடையாது.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “கிழக்கு வரப்பு வண்டி வழி, அதை வெட்டித்தான் ஆக வேண்டும். மற்ற மூன்றும் இருக்கட்டும். மருந்தைப் பூ விரியும் முன்னே அடித்துவிடுகிறேன். பூத்த பிறகு அடிக்கவில்லை. காய் குறைந்தால் உன்னைத்தான் கேட்பேன்” என்றார். போகும்போது, “போன வருஷம் சொன்னதைவிட இது நம்பும்படியாக இருக்கிறது” என்று ஒரு சொல்லும் சொல்லிவிட்டுப் போனார்.

மாணவ நண்பர்களே! இயற்கையைக் காக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் நாம் பயன்களைப் பெருக்கிச் சொல்லிவிடுகிறோம். உழவன் ஒரு பருவம் நம்புவான். மறு பருவம் தன் கண்ணால் பார்ப்பான். பிறகு நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டான். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நீங்களும் ஒரு பூத்த மரத்தடியில் ஒரு காலைப்பொழுது அமர்ந்து பாருங்கள். வருவது எதுவோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேசுங்கள். குளத்தில் முழுகாமலே செய்யக்கூடிய சத்தியம் அது.