குமிழைத் திருகுமுன்

ஹந்தானை மலைச்சாரலில் கோயில் திருவிழாவென்றால், ஒலிபெருக்கியின் முழக்கம் லயங்கள்தோறும் பரவும். அறிவிப்பு விளங்கவில்லையென்றதும் நாம் வலுக் குமிழையே திருகுகிறோம். 100 வாட்டை 200 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபலே. செவிக்கு இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வலு வேண்டும். சொல்லைத் தெளிவாக்குவன மெய்யெழுத்துகளின் மெல்லிய மேற்சுருதிகள். கனத்த கீழ்ச்சுருதி அவற்றை மூடிவிடும். ஆகவே, முதலில் கீழ்ச்சுருதிக் குமிழைக் குறைத்து, மேற்சுருதியைச் சற்றே கூட்டுவோம். முழக்கம் மிகாமலே உரை விளங்கும்.

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி வழங்கலாகாதென 2007இல் உயர் நீதிமன்றம் பணித்தது. எஞ்சிய வேளைக்கு நமது விரலே நீதிபதி. அடுத்த லயத்தில் பாடம் படிக்கும் பிள்ளையும், கொழுந்து பறித்துக் களைத்த தாயும் அதன் தீர்ப்பையன்றோ எதிர்நோக்குகின்றனர்!