சவாரித் திடலில் மோட்டார் வண்டிகள்

பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு மோட்டார் ஓட்டத்திலே என்ன வேலை என்று என் சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. வேலை நிரம்ப உண்டு. பழைய மோட்டார் வண்டிகளை வைத்துப் பேணி வரும் யாழ்ப்பாணத்து அன்பர்கள் 23 பேர் சேர்ந்த சிறு கழகமொன்றில் நானும் ஓர் உறுப்பினன். ஆண்டுக்கொரு முறை, ஒரு சனியும் ஞாயிறும், குடும்பங்களுடன் வெளியூர் சென்று, கூடாரமடித்துத் தங்கி, மறுநாட் காலையில் வண்டிகளை ஓட்டிப் பார்த்து வருவது எங்கள் வழக்கம். கணக்குத் தெரிந்தவர் என்ற காரணத்தால் ஒழுங்கு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்து ஆண்டுகள் பலவாகின்றன.

எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களுமே. பிற ஊரார் இவற்றைக் கண்டு நகைக்கலாம். யாழ்ப்பாணத்தார் நகைக்கமாட்டார்கள். 1990ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றவை இவைதாம். மணமகளை ஏற்றி வந்தவையும் இவைதாம். மண்ணெண்ணெயிலே அவை ஓடின. அதிலே மந்திரம் ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. ஆகவே காபுரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை முடுக்கி, அது நன்றாகச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்கள் எரிபொருளாவியை மட்டாகவே நெருக்குபவை. அதனால் மட்டமான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. புதிய வண்டிகளோ அதே எண்ணெயை ஊற்றினால் தட்டி இடித்து நின்றுவிடும். முதுமை வலிமையான காலம் அது! எங்கள் கழகத்தின் மூத்த உறுப்பினர் அக்காலத்தில் வாடகைக் கார் ஓட்டியவர். இன்று எழுபதைத் தாண்டியவர். நாங்கள் அனைவரும் அவரை அண்ணர் என்றே அழைப்போம். அவருடைய ஏ40 அவருக்குப் பிள்ளை மாதிரி. பிள்ளைகளைக் கூட அவ்வளவு துடைத்திருக்கமாட்டார் என்பது அவர் மனைவியாரின் கருத்து.

வடபகுதியில் மோட்டார் ஓட்டத்துக்கென அமைந்த பாதை எங்களுக்கு இல்லை. ஆனால் சவாரித் திடல்கள் இருக்கின்றன. மாட்டுவண்டிச் சவாரிக்கென்று நீளமாகவும் நேராகவும் மட்டப்படுத்தப்பட்ட அந்தத் திடல்கள் ஆண்டிற் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கும். கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றின் சவாரிச் சங்கத்தார் தங்கள் திடலை எங்களுக்கு அன்புடன் தந்து வருகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு கடந்து செல்லவேண்டும். எங்கள் வண்டிகள் செல்லும் வேகத்தில், வழியிலே தேநீருக்கும் தண்ணீருக்கும் (தேநீர் எங்களுக்கு, தண்ணீர் வண்டிகளுக்கு) நின்று நின்று போனால் ஒரு காலைப்பொழுது கழிந்துவிடும்.

அங்கே நாங்கள் நடத்துவதைப் பந்தயம் என்று சொல்வது பெரிய சொல். நட்ட தடிகளிடையே வளைந்து வளைந்து ஓட்டுதல், கயிறு கட்டிய சதுரத்துள் பின்புறமாகச் சென்று நிறுத்துதல், நிற்காமல் மிக மெதுவாக ஓட்டுதல் என்பன முதலில். மெதுவாக ஓட்டும் போட்டியே மிகவும் கடினமானது. அதிலே வெல்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. இறுதியாக வருவது நெடு ஓட்டம். ஒரு நேரத்தில் ஒரே வண்டி ஓடும், எதிராளி கடிகாரம். நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டியிலும் இதுவே முறை. ஒரு வண்டி மற்றொன்றை முட்ட வழியில்லாத ஏற்பாடு ஆதலால் இதை ஆபத்தற்றது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள்.

அந்த எண்ணத்தை 2024ஆம் ஆண்டு சித்திரை மாதம் குலைத்தது. ஏப்ரல் 21ஆந் தேதி தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிக் கூட்டத்துள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உட்பட ஏழு பேர் மாண்டனர். மாண்டவர்களுட் பாதையருகே பணிபுரிந்த உதவியாளர்களும் இருந்தனர். 1955 யூன் 11இல் பிரான்சு தேசத்து லு மான் நகரிலே ஒரு கார் பார்வையாளர்மேல் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டோரைக் கொன்றதையும், அதன்பின் சுவிற்சர்லாந்து தன் நாட்டில் வட்டப்பாதை ஓட்டங்களையே தடைசெய்ததையும் நான் நூல்களிற் படித்திருந்தேன். படித்தது வேறு. தியத்தலாவைச் செய்தி வந்த அன்று, எங்கள் திடலில் கொடி பிடிக்கும் என் மாணவர்களின் முகங்களே என் கண்முன் நின்றன.

அவ்வாண்டுக் கூட்டத்தில் நான் ஒரு பிரேரணை கொண்டு வந்தேன். நாங்கள் அளந்தபடி திடலின் நீளம் 320 மீற்றர். அதுவரை 250 மீற்றர் ஓடி, எஞ்சிய 70 மீற்றரில் வண்டியை நிறுத்துவதே வழக்கம். இனி ஓட்டம் 180 மீற்றர். நிறுத்துவதற்கு 140 மீற்றர் என்றேன். பார்வையாளர் மேற்குப் பக்கத்து மண் அணைக்கு அப்பால் மாத்திரமே நிற்கலாம். திடலின் முடிவில் ஒருவரும் நிற்கலாகாது என்றும் சொன்னேன்.

அண்ணர் எழுந்தார். “மாஸ்ரர், நான் 50 வருசமாய்க் கார் ஓடுறன். குண்டு விழேக்கையும் ஓடினனான். எனக்கு நிற்பாட்டத் தெரியாதோ?”

அவருக்குத் தெரியும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வண்டியை நிறுத்துவது ஓட்டுபவர் மாத்திரமன்று. நிலமும் சேர்ந்தே நிறுத்துகிறது. கரும்பலகை இல்லாத குறையை ஒரு நாட்காட்டியின் பின்புறம் நிறைவு செய்தது. ஓடும் வண்டியின் இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது. வேகம் இரு மடங்கானால் பிரேக் அழுத்திய பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். நல்ல தார் வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி, சக்கரங்களின் பிடி நன்றாயிருந்தால், 9 மீற்றரில் நிற்கும். தளர்ந்த மண்ணில் பிடி ஏறக்குறையப் பாதி. அங்கே 18 மீற்றர் வேண்டும். அதே மண்ணில் 80 கிலோமீற்றர் வேகமென்றால் 72 மீற்றர். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும் ஒரு விநாடியில் வண்டி மேலும் 22 மீற்றர் ஓடிவிடும். கூட்டினால் 94. எங்களிடம் இருந்ததோ 70.

“என்ரை கார் எண்பது போகாது,” என்றார் அண்ணர். எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. பிரேரணை 13க்கு 8 என்ற வாக்கில் நிறைவேறியது. அதன்பின் ஏழு வாரம் அவர் என்னுடன் அவசியத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏனைய ஏற்பாடுகளை விரித்தால் வாசகர்கள் களைத்துவிடுவார்கள். பொலிசாருக்குக் கடிதம், பிரதேச சபைக்குக் கடிதம், அம்புலன்ஸ் வண்டிக்கு ஒரு கடிதம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி. சாதாரண மோட்டார்க் காப்புறுதி இத்தகைய ஓட்டங்களுக்குச் செல்லாது என்பதைப் புதிய உறுப்பினர்களுக்கு ஆண்டுதோறும் புதிதாக எடுத்துரைக்க வேண்டும். கொடி பிடிக்க வரும் மாணவர் எண்மரின் பெற்றோரை இம்முறை வீடு வீடாகச் சென்று கண்டேன். ஒரு தாயார் என்னிடம், “சேர், பிள்ளை எங்கை நிற்பான்?” என்று மாத்திரம் கேட்டார். படம் வரைந்து காட்டினேன். அவர் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

ஆடி மாதத்தையே நாங்கள் தெரிந்துகொள்வது. ஆவணியில் நல்லூர்த் திருவிழா. அப்போது ஊரைவிட்டு எவரும் அசையமாட்டார்கள். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். ஆடியில் உள்ள ஒரே தொல்லை சோளகக் காற்று. சென்ற முறை கூடாரமொன்று எழுந்து பறந்து பனையிலே தொங்கிற்று. அதனால் இம்முறை கூடாரங்களின் வாயிலை வடகிழக்கே வைத்து, தென்மேற்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி மறைப்பாக்கினோம். இடம் தெரிவதில் மாத்திரம் நாங்கள் எவ்வித விளையாட்டுக்கும் இடங்கொடுப்பதில்லை. போருக்குப் பின் கண்ணிவெடி அகற்றப்பட்டு, ஆண்டாண்டாக உழுது பயிர் செய்யப்பட்டு வரும் நிலத்தில் அன்றி வேறெங்கும் ஒரு முளையேனும் அறைவதில்லை. பிள்ளைகள் பற்றைக்குள் பந்து தேடிச் செல்வதும் விலக்கு.

நம் முன்னோர் கூடார வாழ்வு அறியாதவரல்லர். வற்றாப்பளைப் பொங்கலுக்கு மாட்டுவண்டி கட்டிச் சென்று, மரநிழலில் வண்டிகளை அவிழ்த்து, அடுப்பு மூட்டித் தங்கியவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நாங்கள். ஆனாலும் கைபேசிக்கு மின்சாரம் எங்கே என்று கேட்டுக்கொண்டு இறங்கும் இளைஞர்களைக் காணும்போது அந்த உறவில் ஐயம் பிறப்பதுண்டு.

இரவு ஒடியற் கூழ். ஒடியல் மாவை முன்னரே நீரில் ஊறவிட்டு அதன் காறல் நீங்கும்படி வடித்தெடுக்க வேண்டும். அதை வீட்டிலேயே செய்து கொண்டு வந்திருந்தார்கள். பெரிய கிடாரத்தில் நண்டும் இறாலும் மீனும், பயற்றங்காயும் பலாக்கொட்டையும் கொதித்துப் புளியும் மிளகாயும் சேர, கடைசியில் மாவைக் கரைத்து விட்டார்கள். சைவ உணவினருக்கு, என்னையும் சேர்த்து, வேறொரு பானை. பனையோலைப் பிளாவிலே சுடச்சுட ஊற்றிக் குடிக்கும்போது எவரும் பேசுவதில்லை. பேச நாக்கு ஒழிவதில்லை. பிள்ளைகள் நெருப்பைச் சுற்றி அமர்ந்து அண்ணரிடம் மண்ணெண்ணெய்க் கதை கேட்டார்கள். நள்ளிரவில், விளக்கில்லாமல், பிரசவ வேதனைப்பட்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு சென்ற கதையை அவர் சொன்னார். பாதி வழியில் எஞ்சின் குளிர்ந்து நின்றுவிட, பெற்றோல் இல்லாமல், அந்தப் பெண்ணின் தமையன் பையிலிருந்த தைலப் போத்தலைக் கொடுத்தானாம். “ஓடிச்சுதோ?” என்றாள் ஒரு சிறுமி. “இல்லை. தள்ளிக்கொண்டு போனம்,” என்றார் அண்ணர்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே ஊர்ச்சனம் திரண்டுவிட்டது. சிறு போட்டிகள் குறையின்றி நடந்தன. பத்தரைக்கு நெடு ஓட்டம். முதல் வண்டி அண்ணருடையது. எஞ்சின் முழங்கிக்கொண்டு கோட்டிலே நின்றது. அப்போதுதான் திடலின் முடிவில் கூட்டம் அணையைக் கடந்து உள்ளே வந்தது. அவர்களைக் குறை கூறவியலாது. மாட்டுச் சவாரியில் முடிவிடத்தில் நின்று வண்டியை எதிர்கொள்வதே தலைமுறை வழக்கம். வெல்லும் மாட்டைத் தொட்டுப் பார்க்க ஓடுவதும் வழக்கம். சிறுவர் முப்பது பேராவது நிலத்தில் அமர்ந்துவிட்டார்கள்.

முடிவிடத்து மாணவன் சிவப்புக் கொடியை உயர்த்தினான். இறங்கிச் சென்று கூட்டத்தை விலக்க முயலலாகாது, கொடியை உயர்த்தி நின்ற இடத்தில் நில் என்பது அவனுக்கு நான் சொல்லியிருந்தது. அவன் அப்படியே நின்றான். ஒலிபெருக்கியில் வேண்டினோம், பயனில்லை. பிரதம விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இரண்டு வண்டியை மெதுவாய் விடுங்கோ, சனம் தானாய் விலகும்,” என்று உறுப்பினர் ஒருவர் என் காதில் ஓதினார். விலகும் என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனையைச் சிறுவரை வைத்துச் செய்ய நான் இசையவில்லை. கூட்டம் விலகும்வரை ஓட்டமில்லை என்று அறிவித்துவிட்டுக் கோட்டுக்குக் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

ஐம்பது நிமிடம் சென்றது. மாணவன் கொடியை வலக்கையிலிருந்து இடக்கைக்கும் இடக்கையிலிருந்து வலக்கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றான். அண்ணர் என்னைப் பார்த்தபடி எஞ்சினை நிறுத்தாமலே இருந்தார்; இருபதாவது நிமிடத்தில் றேடியேற்றர் கொதித்து வெண்புகை எழும்பிற்று. அப்போதும் அவர் இறங்கவில்லை.

இறுதியில் கூட்டத்தை விலக்கியவர் சவாரிச் சங்கத்து முதியவர் ஒருவர். நாலு முழ வேட்டியும் கையில் துவரங் கம்புமாகத் திடலின் நடுவே நடந்து சென்றார். “மாட்டுக்குக் கண் இருக்கு. பிள்ளையைக் கண்டால் விலகும். இந்தச் சாமானுக்கு என்ன இருக்கு?” என்று அதட்டினார். “லைற்று இருக்கு அப்பு!” என்றான் ஒரு பொடியன். கூட்டம் முழுவதும் சிரித்தது, அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கம்பை ஓங்கினார். ஐந்து நிமிடத்தில் திடல் வெறுமையாயிற்று.

நேரம் போய்விட்டமையால் 11 வண்டிகளே ஓடின. எல்லாம் மண் அணைக்கு வெகு முன்னரே நின்றன. மிகத் தூரம் ஓடி நின்றது ஒரு மொறிஸ் மைனர், கோட்டைக் கடந்து 83 மீற்றர். அண்ணரின் வண்டி ஓடவில்லை. குளிரவிட்டுத் தண்ணீர் ஊற்றி, வீடு வரும்வரை அவரே ஓட்டி வந்தார். ஆனையிறவுத் தேநீர்க் கடையில் மாத்திரம் என் தேநீருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு மாலையில், பாடசாலை விட்டு நான் வீடு சேர்ந்தபோது, அவர் என் படலையில் நின்றார்; கையில் அளவு நாடா. எங்கள் தெரு அப்போது வெறுமையாயிருந்தது. 40 கிலோமீற்றர் வேகத்தில் வந்து, நான் சுண்ணாம்பால் இட்ட கோட்டில் பிரேக்கை அழுத்தினார். இருவரும் நாடாவைப் பிடித்தோம். 9 மீற்றருக்குப் பதிலாக 14 வந்தது. மறுபடியும் ஓட்டினார், அதே 14. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நாடாவை மீண்டும் ஒருமுறை படித்தார். “லைனர் தேஞ்சு போச்சு, மாஸ்ரர்,” என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் மாற்றி எடுத்து வருவதாகவும், சுண்ணாம்புக் கோட்டை அழிக்காமல் வைக்கும்படியும் கேட்டுக்கொண்டு போனார்.